நிழல் நிலத்தில் அந்தூரியச் செய்கை

வீட்டைச் சூழ்ந்த தோட்டங்களில், மா, பலா, தென்னை ஆகியவற்றின் நிழல் விழும் மூலை பெரும்பாலும் பயனின்றியே கிடக்கின்றது. அவ்விடத்தில் மிளகாய் காய்ப்பதில்லை. கத்தரி நெடுத்து வளர்ந்து வீணாகின்றது. இத்தகைய நிழலையே விரும்பும் பல்லாண்டுப் பயிர் அந்தூரியம் ஆகும். கரும்பச்சை நிறமான இலைகளும், வெட்டிய பின் இரண்டு மூன்று வாரம் வரை வாடாது நிற்கும் பூக்களும் இதன் சிறப்பாகும். தென் அமெரிக்காவின் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரக்காடுகளே இதன் தாயகம். சேம்பும் கருணையும் இதன் உறவினங்கள்.

இலையும் பூவும்

பூவெனப் பலரும் கொள்ளும் அகன்ற செந்நிறப் பகுதி உண்மையில் உருமாறிய இலையேயாம். அதன் நடுவே நிற்கும் திரியிலேயே சிறு பூக்கள் நெருங்கி அமைந்துள்ளன. வளர்ந்த செடியில் ஒவ்வோர் இலைக் கக்கத்திலிருந்தும் ஒரு பூவே தோன்றும். எனவே, புதிய இலை தாமதித்தால் பூவும் தாமதிக்கும்.

ஒளியின் அளவை அறிதற்கும் இலையே வழிகாட்டி. வெயில் மிகுந்தால் இலை மஞ்சளித்து விளிம்பு கருகும். நிழல் மிகுந்தால் இலை மேலும் கறுத்துச் செழிப்பாகத் தோன்றும். ஆயின் காம்பு நீண்டு, பூ அருகும். இக்கருமையை நற்குணமென எண்ணி ஏமாறலாகாது. வெயிலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாத்திரம் செடியை அடைதல் நன்று. மரநிழல் போதாவிடத்துக் கிடுகுப் பந்தலோ நிழல்வலையோ அமைக்கலாம். மரநிழல் மிகுந்தால் தாழ்ந்த கிளைகளைக் கழித்தல் வேண்டும்.

நடுகை

காட்டில் இச்செடி மரங்களின்மீதும் பற்றி வளர்வது. இதன் வேர் காற்றை நாடும். ஆகவே நெல் வயலின் களிமண் இதற்கு ஆகாது. தென்னம் பொச்சுத் துண்டு, உடைந்த செங்கல், கரி, உக்கிய இலை ஆகியவற்றைக் கலந்து, நீர் தங்காத உயர்ந்த பாத்தியிலோ சட்டியிலோ இடுதல் வேண்டும். பொச்சிலுள்ள உப்பும் துவர்ப்பும் வேரைத் தாக்குமாதலால், அதனை முன்னரே சில வாரம் நீரில் ஊறவிட்டு, நீரை இடையிடையே மாற்றிக் கழுவுக. வேருள்ள பக்கக் கன்றுகளைப் பிரித்து, 30 முதல் 45 சதம மீற்றர் இடைவெளியில், குருத்து மூடாதவாறு நடுதல் முறையாகும்.

ஈரவலயத்துத் தாழ்நிலமும் நடுநிலமும் இதற்கு மிகவும் உகந்தவை. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் நிலங்களின் கிணற்று நீர் வன்மையுடையது. அங்கே சேமித்த மழைநீரைப் பயன்படுத்துதல் நன்று. பசளையைச் சிறிதளவாக, அடிக்கடி இடுக.

அழிவைத் தரும் நோய்

இப்பயிருக்குப் பெரும் பகை பற்றீரியா வெளிறல் நோய். 1980களில் ஹவாய்த் தீவுகளில் இந்நோய் பரவியபோது சிறு செய்கையாளர் பலர் தம் தோட்டங்களை இழந்தனர். முதலில் இலை விளிம்பில் நீர்தோய்ந்த புள்ளிகள் தோன்றும். அவை மஞ்சள் வளையத்துடன் கருகிப் பரவும். தண்டை அடைந்தால் செடி மடியும். அதனை மீட்கவல்ல மருந்து இல்லை.

அதிகாலையில் இலை விளிம்பில் அரும்பும் நீர்த்துளியின் வாயில்களூடாகவே பற்றீரியா பெரும்பாலும் உட்புகும். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் நோயும் மிஞ்சும். ஆகையால்:

1. செடிகள் நனைந்திருக்கும்போது அவற்றினிடையே வேலை செய்யற்க.
2. நீரை இலைமீது தெளிக்காது அடியில் ஊற்றுக.
3. வெட்டுங்கத்தியை ஒவ்வொரு செடிக்கும் பின்னர் மதுசாரத்தால் துடைக்க.
4. நோயுற்ற செடியை வேரோடு அகற்றி எரிக்க, கூட்டெருவில் இடற்க.
5. சேம்பினச் செடிகளை அருகில் வளர்க்கற்க. அவற்றிற் பலவும் இந்நோயைத் தாங்கி நிற்கும்.

நோயுள்ள வயலின் நெல்லை விதைக்கு எடுப்பாரில்லை. அவ்வாறே, எவரும் கொடுத்த கன்றை ஆராயாது பாத்தியிற் சேர்த்தலாகாது. புதிய கன்றுகளைச் சில மாதம் வேறிடத்தில் வைத்து அவதானித்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

அறுவடை

திரியின் நிறம் அடியிலிருந்து நுனிநோக்கி மாறிவரும். முக்காற்பங்கு மாறியதும் காலையில் ஈரம் உலர்ந்த பின் பூவை வெட்டி, உடனே காம்பை நீரில் நிறுத்துக. முந்தி வெட்டிய பூ விரைவில் வாடும். முதிர்ந்த இலைகளைக் கழிக்கும்போது செடியில் நான்கு இலையேனும் எஞ்சுதல் வேண்டும். இலையிலும் தண்டிலுமுள்ள சாறு வாயை அரிக்குமாதலால் சிறுவரையும் ஆடுமாடுகளையும் அண்டவிடாதிருத்தல் நலம்.

தொடக்கத்தில் இருபது முப்பது செடிகளே போதும். ஓராண்டு அவற்றை நோயின்றிப் பேணி, பூவை வாங்குவோரையும் அறிந்துகொண்ட பின் அவற்றின் பக்கக் கன்றுகளாலேயே தோட்டத்தைப் பெருக்குக. ஐயம் தோன்றின் நோயுற்ற இலையொன்றை உறையிலிட்டு மூடி, பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.