சைலன்சருக்குச் சூடு, வண்டிக்கு ஜன்னி!

ஆர்.எக்ஸ். 100 சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவையே எழுப்பியவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? கூச்சப்படாமல் கை தூக்குங்கள். நானும் அந்தக் கட்சிதான். சத்தம் கேட்டதும் எங்கள் தெரு வாத்தியார் ஒருவர் வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அவரை மறுபடி பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. அதுவும் அமெரிக்காவில்!

கம்ப்யூட்டர் வேலையாக மின்னசோட்டா மாநிலத்தில் இருந்த சமயம். ஆபீஸ் நண்பர் ஒருவர், "சனிக்கிழமை வடக்கே போறோம், நீயும் வா" என்றார். வடக்கே என்றால் கனடா எல்லைப் பக்கம். காரில் ஆறு மணி நேரம். ஜனவரி மாதம், மைனஸ் 25 டிகிரி. மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனது ஸ்னோமொபைல் ஓட்ட. முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டை, பின்னால் ராணுவ டாங்கி போல ஒரு அகல ரப்பர் பட்டை, நடுவில் பைக் மாதிரி சீட். பனி மேல் காராவது ஓடுவதாவது, இதுதான் ஓடும். வேடிக்கைக்காகப் பிறந்த வண்டி இல்லை இது. கனடாவின் கியூபெக்கில் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயதுப் பையன், 1934 குளிர்காலத்தில் வயிற்று நோயால் இறந்துபோனான். சாலையெல்லாம் பனி மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்த மனுஷர்தான் அடுத்த சில வருஷங்களில் பனிவண்டிக்குப் பட்டை அமைப்பைக் கண்டுபிடித்து, 1959-இல் ஸ்கீ-டூவையும் கொண்டுவந்தார்.

நண்பர் தன் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் போன வாரம்தான் புது சைலன்சர் மாட்டியிருந்தார். கம்பெனி மாட்டியது இல்லை, வெளியில் வாங்கியது. பளபளவென்று குட்டியாக இருந்தது. "பழசைவிட ஏழு கிலோ கம்மி!" என்று, புது மாப்பிள்ளை மாமியார் வீட்டு மோதிரத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். டூ-ஸ்ட்ரோக்கில் சக்தி தருவது கடைசியில் இருக்கும் சைலன்சர் இல்லை. அதற்கு முன்னால் வயிறு பெருத்த ஒரு குழாய் இருக்கிறதே, அதுதான். புகையோடு கிளம்பும் அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, வெளியே நழுவப் பார்க்கும் புதுப் பெட்ரோலை உள்ளேயே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியில் இதில் புலியாக இருந்தவர் வால்டர் காடன். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே ஓடிப்போய் சுசுகியில் சேர, ரகசியமும் கூடவே ஜப்பானுக்குப் போயிற்று. அது ஒரு தனி சினிமா. இப்போதைக்கு, சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் குறைவது எடை, கூடுவது சத்தம். அவ்வளவுதான்.

கிளம்பினோம். நண்பர் முன்னால் 'பட்டார் பட்டார்' என்று போக, அவருடைய மாமாவின் பழைய வண்டியில் நான் பின்னால். பனிப்பாதை ஒரு விவசாயியின் வயல் வழியாகப் போனது. வீட்டு வாசலில் ஒரு பெரியவர்... இடுப்பில் கை. சாட்சாத் எங்கள் தெரு வாத்தியார்!

ஏரிக்கரை ஓட்டலில் காபி குடிக்க நின்றோம். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், என் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. நண்பர் வண்டியின் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. மறுபடி முறுக்கினார். ரப்பர் கருகும் வாசனை. குனிந்து பார்த்தால், அடியில் பட்டையும் வண்டியும் ஒரே ஐஸ் பாறை! முறுக்க முறுக்க, இன்ஜினுக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கிற டிரைவ் பெல்ட் எரிகிறது. அது அறுந்தால் ஏரிக்கரையில் இருவரும் குல்ஃபி.

பின்பக்கத்தைத் தூக்கி, ஆட்டி, கட்டையால் தட்டி, எப்படியோ விடுவித்தோம். எனக்கு அப்போதும் புரியவில்லை. குளிரில் ஐஸ் பிடிப்பது சரி. சூடான சைலன்சர் பக்கத்தில் எப்படி?

மாமாதான் ராத்திரி கொட்டகையில் விளக்கினார். "பனி ஒட்டாதுப்பா. தண்ணிதான் ஒட்டும்." (இங்கிலீஷில் சொன்னார், "ப்பா" என் கைங்கரியம்.) மைனஸ் 25-இல் பனி வறுத்த ரவை மாதிரி. மேலே விழுந்தால் உதிர்ந்துவிடும். சூடு பட்டு உருகினால்தான் வம்பு. தண்ணீராகி ஓடி, சூடு இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து இறுகிவிடும்.

டார்ச் அடித்துக் காட்டினார். கம்பெனி சைலன்சரின் வாய், வண்டியின் அடித்தட்டு ஓட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றிலும் வளையம் போட்டு அடைத்திருக்கும். புதுசின் வாயோ ஓட்டைக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. பல நூறு டிகிரி புகை உள்ளேயே அடித்து, பிளாஸ்டிக் அடித்தட்டே ஒரு பக்கம் இளகியிருந்தது! உள்ளே புகுந்த பனியெல்லாம் உருகி, ஒழுகி, கால் வைக்கிற இடத்திலும் பட்டையிலும் ஐஸ். அதைத் தட்டி ஒரு பக்கெட்டில் போட்டு, நண்பர் கையில் கொடுத்தார் மாமா. "ஏழு கிலோ மிச்சம் பிடிச்சியே, இது எத்தனை கிலோன்னு பாரு."

நண்பர் பார்க்கவில்லை.

அப்புறம் வைத்தியம். குழாய் வாய்க்கு ஒரு நீட்டிப்பு, அடைப்பு வளையம். சூடு வெளியே பரவாதபடி சைலன்சரைச் சுற்றி வெப்பம் தாங்கும் நாடா. அடித்தட்டின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஓட்டை. கீழ்ப்பக்கம் முழுக்க சிலிக்கான் ஸ்ப்ரே. சிலர் சமையல் எண்ணெயே அடிப்பார்களாம்! நிறுத்தும்போது பின்பக்கத்தைக் கட்டை மேல் தூக்கி வைத்துப் பட்டையைக் கொஞ்சம் சுற்றவிட்டால், ஒட்டியிருக்கும் ஈரப்பனி சிதறிப்போகும்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நிஜம். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆவியாக வெளியேறுகிறது. இரண்டு நிமிஷம் ஓட்டி அணைத்தால், அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகித் தேங்கி உறைந்து, வழியை அடைக்கும். ஆகவே ஸ்டார்ட் பண்ணினால் நன்றாகச் சூடேற ஓட்டு, இல்லை தொடாதே.

"எல்லாம் சரி, அந்தப் பெரியவர் ஏன் முறைத்தார்?" என்றேன்.

மாமா முகம் மாறியது. அந்தப் பாதை சர்க்கார் பாதை இல்லையாம். விவசாயிகள் பெரிய மனசு பண்ணி விடுகிற வழி. 1975-இலிருந்து அங்கே தயாராகும் வண்டிகள், முழு வேகத்திலும் 50 அடி தள்ளிக் கேட்டால் 78 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பேர் அதைத் தாண்டிக் கத்திக்கொண்டு போனால், அடுத்த வருஷம் கேட்டில் பூட்டு தொங்கும். ஒருவர் பூட்டினால் மொத்தப் பாதையும் துண்டாகிவிடும். "வண்டி ஐஸ் பிடிச்சா தட்டி எடுத்துடலாம். அவரு மனசு ஐஸ் பிடிச்சா?"

காலையில் நான் எழுந்தபோது, கொட்டகையில் நண்பர் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். முறுக்கின போல்ட்டைப் பார்த்தபடியே, "ஒரு வாரம்தான் ஓடினது, விலைக்குக் கேட்டா யாராவது வாங்குவாங்களா?" என்றார்.

அன்று சாயங்காலம் ஊருக்கு போன் போட்டேன். பரணில் என் ஆர்.எக்ஸ். 100-இன் உள்குழாய் இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டேன்.

"அதெல்லாம் காயலான் கடைக்குப் போய் வருஷமாச்சுடா" என்றார். "வாத்தியார்கூட வீட்டை வித்துட்டுப் போயிட்டாரே, தெரியாதா?"