கொட்டகையில் ஓர் இரும்பு மேசை

சம்பா நடவு முடிந்து பன்னிரண்டாம் நாள். ஒற்றை நாற்று நடவில் முதல் களை ஓட்ட வேண்டிய நேரம். அன்றைக்குப் பார்த்து கோனோவீடரின் கைப்பிடி, சட்டத்தோடு சேருகிற இடத்தில் விட்டுப்போச்சு. டவுன் பட்டறைக்கு எடுத்துப்போனால் "நாளைக்கு வாங்க சார்" என்பார்கள். அந்த நாளை மூன்று நாளாகும். களை காத்திருக்குமா?

வெல்டிங் மிஷின் கைவசம் இருந்தது. களத்து சிமென்ட் தரையிலேயே வைத்து நானே ஒட்டிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் களை ஓட்டிய அம்மா அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "ஐயா, இது ஒரு பக்கமா இழுக்குதுங்க. களையை விட்டுட்டு நாத்தைப் புடுங்குது."

போய்ப் பார்த்தால் உண்மைதான். 25 செ.மீ. வரிசைக்குள் ஓடவேண்டிய கருவி, ஒரு விரற்கடை சாய்ந்தாலும் பயிர் மேல் ஏறிவிடும். தப்பு கருவியில் இல்லை, நான் ஒட்டிய இடத்தில்.

வெல்டிங் பட்டி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். சமமான, கனமான பரப்பில் சி கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்து ஒட்டினால் அந்த இழுப்பு பெருமளவு அடங்கும். தரையில் கிளாம்ப் போட முடியாது, தரையும் சமமாக இருக்காது. போதாக்குறைக்கு, சூடு பட்டால் சிமென்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும். அன்றைக்கே முடிவு செய்தேன், முதல் வேலை மேசைதான்.

என்ன இரும்பு, எவ்வளவு?

மேல்பலகைக்குப் பழைய இரும்புக் கடையில் 12 மி.மீ. பிளேட், 4 அடிக்கு 3 அடி. எடை போடுவதற்கு முன்னாலேயே நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ. 12 மி.மீ. பிளேட் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் கிலோ, 12 சதுர அடிக்கு 105 கிலோ. தராசு அதைவிட ரொம்பக் கூடக் காட்டினால் கேளுங்கள். வங்கியில் முப்பது வருஷம் கூட்டிக் கழித்த பழக்கம், இங்கேதான் உதவியது!

சட்டத்துக்கு 65 மி.மீ. ஆங்கிள். பலகை நாலு பக்கமும் சட்டத்தைவிட மூன்று அங்குலம் வெளியே நிற்கணும், அப்போதுதான் கிளாம்ப் மாட்ட இடம் கிடைக்கும். கால்களுக்கு, கைவிட்ட பில்டர் பாயிண்டிலிருந்து உருவிய மூன்று அங்குல ஜி.ஐ. பைப். உயரம் 35 அங்குலம். நின்றபடி வேலை செய்யலாம், இடுப்பு பிழைக்கும்.

நான் செய்த இரண்டு தப்பு

முதல் தப்பு, அந்த ஜி.ஐ. பைப்பை அப்படியே ஒட்டியது. அதன் மேல்பூச்சு துத்தநாகம். வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். கொட்டகைக்குள் உட்கார்ந்து அதைச் சுவாசித்தேன், ராத்திரி குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகாது. ஒட்டுகிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சை உள்ளும் புறமும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கிரைண்டரால் எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று ஒட்டுங்கள்.

இரண்டாவது தப்பு, பலகையைச் சட்டத்தோடு சுற்றிவர முழுசாக ஒட்டியது. உறுதியாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஆறியதும் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் மூன்று மில்லி மேடு. அவ்வளவையும் கிரைண்டரால் அறுத்துப் பிரித்தேன்.

சரியான முறை

பிளேட்டைத் தரையில் போட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்து ரசமட்டம் பாருங்கள். அதன் மேல் சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, கால்களோடு சேர்த்துக் கட்டுங்கள். பிளேட்தான் இங்கே மட்டப்பலகை, அதில் எதையும் ஒட்டாதீர்கள். மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒன்றாக வந்தபிறகு டாக் அடியுங்கள். பிறகு ஒரு மூலை, அடுத்து எதிர் மூலை என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள்.

ஆறியதும் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தி, நாலு பேர் சேர்ந்து பிளேட்டை மேலே ஏற்றுங்கள். அடியில் நாலு இடத்தில் ஓர் அங்குலப் பட்டி போதும், மிச்சத்தை அதன் கனமே பார்த்துக்கொள்ளும். கால் அடியில் நட்டு ஒட்டிப் பெரிய போல்ட் போட்டால், திருகி மட்டம் செய்யலாம். மேல்பலகைக்குப் பெயின்ட் வேண்டாம், எர்த் கிளாம்ப் பிடிக்காது. துரு ஏறாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். வேலைக்கு முன் அந்த எண்ணெயை வழித்துவிடுங்கள்.

மறக்கக்கூடாதவை

வயலிலிருந்து ஈரக் காலோடு வந்து வெல்டிங்கைத் தொடாதீர்கள். காய்ந்த தோல் கையுறை, காலுக்கு ஷூ, நிற்க மரப்பலகை வேண்டும். முகமூடிக் கண்ணாடி 10 அல்லது 11 நம்பர். பொறி முப்பது அடிக்கு மேலும் ஓடும், வைக்கோல் போர் தள்ளியே இருக்கட்டும். இலவச விவசாய இணைப்பு பம்புசெட்டுக்கு மட்டும்தான். வெல்டிங்குக்கு எந்த இணைப்பு என்று மின்வாரியத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

மேசை தயாரானதும் அதே கோனோவீடரை அறுத்து, கிளாம்ப் போட்டு, மறுபடி ஒட்டினேன். இரண்டாம் களைக்கு நேராக ஓடியது. இப்போது நடவுக்கு முன்பே அக்கம்பக்கத்துக் களைக்கருவிகள் என் கொட்டகைக்கு வந்துவிடுகின்றன.

உரமூட்டைக்குக் கடை வாசலில் நிற்பதை விட்டவர்கள் நாம். ஒரு கைப்பிடி ஒட்ட மட்டும் எதற்குப் பட்டறை வாசலில் மூன்று நாள் நிற்கணும்? ஊருக்கு ஒரு மேசை போதும். நாலு பேர் சேர்ந்து போடுங்கள். பிளேட்டைத் தூக்கவும் நாலு பேர் வேண்டுமே!