மணவறைக்கு முன்னே ஒரு கமெரா

கலியாண வீடென்றால் எங்கள் பகுதியில் முதலிற் பேசப்படுவது நாள், அடுத்தது சமையல், அதற்கடுத்தது மேளம். படம் பிடிப்பவரின் பெயர் ஒரு காலத்தில் இந்த வரிசையில் இடம்பெற்றதேயில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஒருவர் புகைவண்டியில் வந்திறங்குவார். மணமக்களை நிறுத்தி நாலு படம், குடும்பத்தாரை இருத்தி இரண்டு படம் எடுப்பார். சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். இன்றோ சோதிடரிடம் போகுமுன்னரே அவருடைய கைத்தொலைபேசிக்கு அழைப்புப் போகின்றது. அவருக்கு வசதியான நாளிலே முகூர்த்தம் அமையாதா என்று கேட்கும் பெற்றோரையும் நாம் கண்டிருக்கின்றோம்!

இதனைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவரிடம் கேட்கப்படும் கேள்விகளே எமக்குக் கவலை தருகின்றன. எத்தனை அல்பம், எத்தனை ரூபா, பறக்கும் கமெரா உண்டா என்பவற்றோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. படத்திலே யார் யார் இருக்க வேண்டும் என்பதை எவரும் பேசுவதாயில்லை.

காங்கேசன்துறையைச் சேர்ந்தவர்களுக்கு இது சிறிய விடயமன்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டு ஊரே தெற்கு நோக்கிப் பெயர்ந்தபோது, காணி உறுதியை எடுத்தவர் உண்டு. நகையை எடுத்தவர் உண்டு. சுவரிற் தொங்கிய கலியாணப் படத்தைக் கழற்றியவர் மிகச் சிலரே. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் அவ்வாண்டோடு ஓய்ந்தன. புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஆம் ஆண்டு சனவரியிலேதான். காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களை. சிலர் சுவரையும் காணவில்லை. படச் சட்டத்தைத் தேடுவது எங்கே?

எமது பெற்றோரின் மணப்படமும் அவ்வாறே போயிற்று. அவர்கள் மணம் செய்தது 1971 இல். அக்காலத்தில் ஒரு பிரதியைக் கொழும்பிலிருந்த பெரியம்மாவுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள்; அவர் அதைப் பின்னர் கனடாவுக்குக் கொண்டுபோயிருந்தார். பல ஆண்டுகளின் பின் அதன் நகல் எமது கைக்கு வந்தது. படத்தின் ஓரத்திலே, பாதி முகம் தூணில் மறைய, எமது அப்பாச்சி நிற்கின்றார். அவருடைய வேறு படம் எங்குமே இல்லை. தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கிய 1972 ஆம் ஆண்டிற்கு முன்னரே அவர் காலமாகிவிட்டமையால், அட்டைக்காகவேனும் ஒரு படம் எடுக்க நேரவில்லை. கமெராக்காரர் இரண்டடி இடப்புறம் நகர்ந்து நின்றிருந்தால் முகம் முழுதும் கிடைத்திருக்கும். அவரைப் பிழை சொல்ல முடியாது. அந்த மூதாட்டி யாரென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்நாளிற் பலர் கையாண்ட 120 ஆம் இலக்கச் சுருளிற் சதுரப் படமாயிற் பன்னிரண்டுதான் எடுக்கலாம். ஆகவே, ஒவ்வொரு படத்திற்கும் முன் ஒரு யோசனை இருந்தது. இன்று ஒரு கலியாணத்தில் மூவாயிரம் நாலாயிரம் படம் எடுத்தல் எளிது. ஆயினும் அந்த ஆயிரங்களில், மாப்பிள்ளையின் மணிக்கூட்டிற்கும் மணப்பெண்ணின் செருப்பிற்கும் கிடைக்கும் இடம் மூலையில் அமர்ந்திருக்கும் அம்மம்மாவுக்குக் கிடைப்பதில்லை.

ஆகையால், ஒழுங்கு செய்யும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவோம். மார்கழியும் ஆடியும் கழிந்தால் எஞ்சும் நல்ல நாட்கள் சிலவே. வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் வருங்காலமும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஒரே முகூர்த்தத்தில் மூன்று வீட்டாருக்கு ஒப்புக்கொண்டு, மூன்றாவது வீட்டிற்குப் பழகும் பையனை அனுப்பும் வழக்கமும் உண்டு. எனவே, வருபவர் யார் என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். அவர் காட்டும் பொறுக்கியெடுத்த இருபது படங்களைப் பார்த்து மயங்காது, ஏதேனும் ஒரு கலியாணத்தின் முழுத் தொகுதியையும் காட்டும்படி கேட்கலாம். ஓமப் புகைக்குள்ளும் மங்கிய விளக்கொளியிலும் எடுத்தவை எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதே அவருடைய கைத்திறனுக்கு உரைகல். ஒரே சமயத்தில் இரு அட்டைகளிற் பதியும் கமெராவா என்றும் கேட்பது நன்று. ஓர் அட்டை பழுதானாலும் மற்றது உதவும். முற்பணம், அல்பம் கையளிக்கும் நாள், மூலப் படங்கள் முழுவதும் எமக்குத் தரப்படுமா, எமது சம்மதமின்றி அவர் முகநூலில் இடலாமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூறை வாங்கினால் பற்றுச்சீட்டு வாங்குகின்றோமல்லவா?

நிற்க. எங்கள் சடங்குகளின் ஒழுங்கை அறியாத ஒருவர் எத்துணை வல்லவராயினும் பயன் குறைவு. பொன்னுருக்கு நாளிலேயே அவரை அழைத்துவிடுதல் சிறந்தது. தாலிக்குப் பொன் உருகும் அந்தச் சிறு நெருப்பு படத்திற்கு உகந்தது என்பதொன்று. வீட்டாரின் முகங்களை அவர் அன்றே பழகிக்கொள்வார் என்பது மற்றொன்று. மணநாளில் ஐயரோடு அவரைச் சில நிமிடம் பேச வைத்தலும் வேண்டும். எங்கே நிற்கலாம், எப்போது விலக வேண்டும் என்பதை ஐயரே சொல்லிவிட்டால் பின்னர் மனக்கசப்பு இராது.

உறவினர் ஒருவரின் மணத்தில் நாம் கண்டது இது. கெட்டிமேளம் முழங்கிற்று, எல்லோரும் எழுந்தனர், நாற்பது கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. வாடகைக்கு வந்த கமெராக்காரர் அவற்றின் பின்னே அகப்பட்டுக்கொண்டார். அல்பம் வந்தபோது தாலி கட்டும் படத்தில் இருந்தவை மாப்பிள்ளையின் முதுகும் ஒரு மாமியின் வளையல்களும்! இன்னொரு முறை கட்டுவதுபோற் பாவனை செய்யச் சொன்னாராம். மணப்பெண்ணின் தந்தையார் அதற்கு இணங்கவில்லை. இணங்காமை சரியே என்பது எமது கருத்து. முன்வரிசையில் இருப்போரிடம், அந்த அரை நிமிடமேனும் கைத்தொலைபேசியை மடியில் வைத்திருக்கும்படி வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.

கோயிலில் மணம் நடக்குமாயின் வேறு சில கவனங்களும் உண்டு. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில்போன்ற இடங்களில் ஆடவர் மேலங்கி களைந்தே உட்செல்வர். படம் பிடிப்பவரும் அதற்கு விலக்கல்லர். மூலஸ்தானத்தை நோக்கிக் கமெராவைத் திருப்புதல் ஆகாது. இவற்றை வாசலில் வைத்துச் சொல்லாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடற்கரையிற் படம் எடுப்பது இப்போது பெருவழக்காகிவிட்டது. எங்கள் கடற்கரை வடக்கு நோக்கியது. ஆதலால், கடலைப் பின்னால் வைத்து நிற்பவர்கள் தெற்கே பார்ப்பார்கள். தை மாதத்து நண்பகற் சூரியனோ தெற்கே சாய்ந்து நின்று நேரே கண்ணிற் குத்தும். கண்ணைச் சுருக்காத மணமக்கள் வேண்டுமாயின், மாலை நாலரைக்குப் பின், வெயில் மேற்கிலிருந்து பக்கவாட்டாக விழும் வேளையே தகுந்தது. துறைமுகமும் கடற்படை முகாமும் உள்ள கரை என்பதையும் மறக்கலாகாது. அத்திசையிற் கமெரா நீட்டி விசாரணைக்கு ஆளாகவேண்டியதில்லை. பலாலி விமான நிலையமும் அயலிலேயே இருப்பதால், பறக்கும் கமெராவுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி பெறாமல் முயல்வது பேதைமை. வானத்திலிருந்து பார்த்தால் தெரிவது பந்தலின் கூரைதானே!

வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மணம் முடிந்து பெண்ணை அழைப்பிக்க விண்ணப்பிக்கும்போது, பதிவுச் சான்றிதழோடு மணப்படங்களையும் கேட்கும் நாடுகள் உண்டு. கடற்கரையில் இருவர் தனித்து நிற்கும் படங்களைவிட, இருபக்கத்துப் பெற்றோரும் சுற்றத்தாரும் சூழ நிற்பவை, பொன்னுருக்கு முதல் அறுகரிசி தூவும் வரை சடங்குகளை ஒழுங்காகக் காட்டுபவை, அவ்விடத்தில் மிகவும் உதவும். பொன்னுருக்கைப் படமெடுப்பது வீண்செலவென்று எண்ணுவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இனி, எமக்கு முக்கியமாகத் தோன்றும் காரியத்திற்கு வருவோம். கலியாணத்திற்கு முதல்நாள், வீட்டிலுள்ள ஒருவர் தாளொன்றை எடுத்து, எழுபது வயதைக் கடந்த உறவினர் பெயர்களை எழுதவேண்டும். அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கமெராக்காரரின் அருகில் நிற்பதற்கு, எல்லோரையும் அறிந்த ஒரு சித்தப்பாவையோ மருமகளையோ நியமிக்கவேண்டும். முதியவர்கள் சாப்பாட்டின் பின் களைத்துவிடுவர், வாகனத்திற்கும் அவசரப்படுவர். ஆகவே, தாலி கட்டு முடிந்து அறுகரிசி போட வரும்போதே அவர்களை மணமக்களுக்கருகில் நாற்காலியில் இருத்தி எடுத்துவிடுவது தக்கது. தனியாக ஒரு முகப்படமும் எடுக்கலாம். எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். எமது ஊரில் எல்லோருக்கும் பதில் தெரியும். சொல்லத்தான் எவருக்கும் மனம் வராது.

படங்கள் வந்தபின் அவற்றைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ மட்டும் விட்டுவைத்தல் தகாது. கணினித் தட்டு பழுதாகும்; கடவுச்சொல் மறந்துபோகும். 1970களின் வர்ணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து வெளிறியிருக்க, அதற்கு முற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் தெளிவாயிருப்பதை வாசகர் தம் வீட்டிலேயே காணலாம்; அவற்றின் உருவம் சாயத்தால் ஆனதன்று, வெள்ளித் துகளால் ஆனது. எனவே, குடும்பப் படத்தில் ஒன்றையாவது கறுப்பு வெள்ளையில் நல்ல தாளில் அச்சிட்டு வைப்பதுண்டு. உப்புக் காற்றில் ஒட்டுப்பசை அல்பம் விரைவிற் கெடும். நாலு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றைச் சம்பந்தி வீட்டிலும், ஏனையவற்றைக் கொழும்பிலோ இலண்டனிலோ உள்ளவர்களிடமும் வைத்தால் ஒரு வீட்டோடு எல்லாம் போய்விடாது.

பின்புறத்திற் பெயர்களையும் எழுதிவிட வேண்டும். பேனாவினால் அன்று, மெல்லிய பென்சிலால். பெரியம்மாவின் படத்தின் பின்னே அவ்வாறு ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. முன்னே நிற்பவர்கள் பத்துப் பேர். இடப்புறம் கடைசியில், கையிற் பன்னீர்ச் செம்புடன் சிரிக்கும் அந்தப் பெண் யாரென்று எமது அம்மாவுக்கும் இப்போது நினைவில்லை.