உஷார்! திரும்புவது இடுப்பா, முழங்காலா?

பாலே வகுப்பில் உங்கள் பிள்ளை குதிகால்களை ஒட்டிவைத்து, பாதங்களை இடமும் வலமுமாக 180 டிகிரிக்குத் திருப்பி நிற்கிறாளா? போட்டோ எடுக்கும் முன் முழங்கால் சில்லைப் பாருங்கள். பாதங்கள் பக்கத்துச் சுவர்களைப் பார்க்க, சில்லுகள் மட்டும் உங்களையே பார்க்கின்றனவா? ஆபத்து! முறுக்கு ஏறுவது முழங்காலில்.

கால்களை இப்படி வெளிப்பக்கம் திருப்பும் 'டர்ன்-அவுட்' தொடங்க வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. கிண்ணத்தில் உருளும் பந்துபோலத் தொடை எலும்பின் தலை சுழல்வது அங்கேதான். கிண்ணத்தின் ஆழமும் எலும்பின் அமைப்பும் ஆளுக்கு ஆள் மாறும். எல்லோருக்கும் 180 வராது. முழங்காலோ கதவுக் கீல் மாதிரி, முக்கியமாக மடக்கவும் நீட்டவும்தான்.

180ஐக் காட்டக் குறுக்கு வழி ஒன்று உண்டு. 'ப்ளியே' என்னும் முழங்கால் மடக்கும் அசைவில், மடங்கிய முழங்கால் கொஞ்சம் சுழன்று கொடுக்கும். அந்தச் சமயம் பார்த்துப் பாதத்தை அகலத் தள்ளி, தரையை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். வழுக்காதிருக்க ரோசின் பொடி வேறு! நிமிர நிமிர முழங்காலின் உள்பக்கத் தசைநாரும் குருத்தெலும்பும் இழுபடும். பாத வளைவு உள்ளே சரியும், இடுப்பு முன்னே சாயும், முதுகு குழியும்.

இது பழைய வியாதி. அந்தக் கால ஐரோப்பாவில் கால்களைத் திருப்பவே 'டூர்ன்-ஆன்ஷ்' என்றொரு கருவி இருந்தது. பிரெஞ்சு நடன ஆசிரியர் நோவேர் 1760இல் வெளியிட்ட கடிதங்களிலேயே அதைச் சாடினார். இன்று அதே வேலைக்கு, ஏறி நின்று சுழலும் வட்டத் தட்டுகள் வந்துவிட்டன. 'தவளை' நிலையில் படுத்த பிள்ளையின் இடுப்பை இன்னொருவர் அமுக்குவதும் நடக்கிறது. இரண்டையும் அனுமதிக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை. நேராக நின்று, ஒரு காலை நீட்டியபடி முன்னே சற்றுத் தூக்கி, வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தரையின் பிடி இல்லாமல் எவ்வளவு திரும்புகிறதோ, அதுதான் அவளுடைய சொந்தக் கணக்கு. தரையில் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் அது கடன். வட்டி கட்டப்போவது முழங்கால்.

பரதநாட்டியத்தில் அரைமண்டி போடும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முழங்காலின் உள்பக்கம் வலித்தாலோ, தொடை இடுக்கில் சுருக்கென்று பிடித்தாலோ பயிற்சியை நிறுத்துங்கள்; பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இடுப்பின் ஆழத்திலுள்ள திருப்பு தசைகள் வலுப்பெற மாதங்கள் ஆகும். அதுவரை அவள் தன் சொந்தக் கணக்கிலேயே நிற்கட்டும்; அது 120 டிகிரிதான் என்றாலும் குறைவில்லை. ப்ளியேயில் முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக வருகிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.