கடல் அட்டைக்கும் ஒரு காவல் படை!

கடல் அட்டை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். வழவழன்னு, பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். அது கடலடி மண்ணைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமான மண்ணை வெளியே விடும். கடலின் துப்புரவுப் பணியாளர் அது!

2001-ஆம் ஆண்டிலேயே இதைப் பிடிக்கத் தடை வந்துவிட்டது. ஆனாலும் சிலர் பிடித்து, அவித்து, காயவைத்து, இலங்கை வழியாக வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள்.

எங்க தெரு மாமா ஒருத்தர் இதனால் ஜெயிலுக்குப் போனார். வீட்டில் சின்னப் பிள்ளைகள். அவரிடம் வாங்கிய வியாபாரி யாருன்னு இன்றுவரை தெரியாது. இது நியாயமா?

இந்த மாதிரி குற்றங்களுக்காகவே மத்திய அரசு 2007-ல் 'வனவிலங்கு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம்' அமைத்தது. தலைமையகம் டெல்லி. நம்ம ராமநாதபுரத்திலும் ஒரு பிரிவு உண்டு. அதன் வேலைகள்:

1. கடத்தல் பற்றிய தகவல்களைத் திரட்டி வனத்துறை, போலீஸ், சுங்கத்துறைக்குக் கொடுப்பது.

2. அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவது. காய்ந்த அட்டை கருப்புக் கட்டை போல இருக்கும். பழகாத கண்ணுக்குத் தெரியாது.

3. பல மாநிலம், பல நாடு தொடர்புள்ள கடத்தலைச் சேர்த்துப் பார்ப்பது.

மூன்றாவதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். கடலில் மூழ்குபவரை மட்டும் பிடித்தால் போதாது. பணம் கொடுப்பவரையும் பிடித்தால்தான் கடத்தல் நிற்கும்.

வலையில் அட்டை தானாக வந்தால் உயிரோடு கடலில் விடச் சொல்லி, இன்றே உங்க அப்பாவிடம் சொல்லுங்க!

கடல் வாழ்ந்தால் நாம் வாழ்வோம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி