பிரசவத்திற்கு ஏற்ற ஆஸ்பத்திரி எது?

இந்தியாவில் குழந்தை பிறக்கும் இடம் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் பெரிதும் மாறிவிட்டது. 1992-93ல் நடைபெற்ற முதலாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்குச் சுமார் 26 பிரசவங்களே ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடைபெற்றன. ஏனையவை வீட்டிலேயே நிகழ்ந்தன. 2005-06ல் இது ஏறத்தாழ 39 ஆக உயர்ந்தது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது கணக்கெடுப்பில் 89ஐ நெருங்கிற்று. இதே காலத்தில் பிரசவ சம்பந்தமான தாய் மரணங்களும் குறைந்து வந்துள்ளன. 2004-06ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254 ஆக இருந்த மரண விகிதம் 2020-22ல் 88 ஆகக் குறைந்தது.

இவை மகிழ்ச்சி தரும் எண்களே. ஆயினும், ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில், லட்சத்துக்கு 88 என்பது பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரின் உயிர் ஆகும். பத்தில் ஒன்பது பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நிகழும்போதும் இத்தனை உயிர்கள் போகின்றன. எனவே, ‘வீடா, ஆஸ்பத்திரியா?’ என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. ‘இந்தத் தாய்க்கு எந்த ஆஸ்பத்திரி?’ என்ற அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். அதற்கு விடை காண்பதற்குரிய காலம் வலி கண்ட இரவு அன்று. அதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே விடை காணப்பட வேண்டும்.

வியன்னா நகரத்துத் தாய்மார்

பெரிய கட்டடமும் கற்றறிந்த வைத்தியர்களும் இருந்தால் போதும் என்ற எண்ணம் பொதுமக்களிடையே இயல்பாக உள்ளது. இது எப்போதும் சரியன்று என்பதற்கு வைத்திய வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் வைத்திய மாணவர்களும், இரண்டாவது பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். தாய்மார்கள் நாள் முறைப்படி இரு பிரிவுகளிலும் மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். 1846ல் முதற் பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் பிரசவ ஜன்னியால் மாண்டனர்; இரண்டாவது பிரிவிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவே மாண்டனர். நகரத்துப் பெண்கள் இவ்வேற்றுமையை நன்கு அறிந்திருந்தனர். முதற் பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் மன்றாடினார்கள்.

அங்கே உதவி வைத்தியராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் இதன் காரணத்தை ஆராய்ந்தார். பிணப் பரிசோதனை செய்த மாணவர்கள் அதே கைகளுடன் பிரசவ அறைக்கு வந்து தாய்மாரைச் சோதித்ததே காரணம் என்று கண்டார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும் முறையை ஏற்படுத்தினார். 1848ல் முதற் பிரிவின் மரண விகிதம் நூற்றுக்கு ஒன்று சொச்சமாகக் குறைந்து, இரண்டாவது பிரிவுக்குச் சமமாயிற்று. கட்டடமும் வைத்தியர்களும் மாறவில்லை. அங்கே செய்யப்பட்ட காரியம் மாறியது. ஆதலால் ஓர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்போர், அது எத்தகைய தோற்றமுடையது என்பதை விட, அங்கே என்ன செய்யப்படுகிறது, எந்நேரத்தில் செய்யப்படுகிறது என்பதையே கேட்க வேண்டும்.

ஆபத்தும் அதன் காலக்கெடுவும்

பெரும்பாலான பிரசவங்கள் இயற்கையாகவே நல்ல முறையில் முடிகின்றன. ஆயினும் கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் தோன்றக்கூடும் என்று நிபுணர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் சிலரை முன்னரே அடையாளங் காணலாம்; ஏனையோரைக் காண இயலாது. எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்த பெண்ணுக்கும் பிரசவத்தின் பின் இரத்தப் பெருக்கு ஏற்படலாம்.

ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு காலக்கெடு உண்டு. சிகிச்சை கிடையாவிடில், பிரசவத்திற்குப் பிந்திய இரத்தப் பெருக்கினால் சராசரியாக இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் பிரியக்கூடும். பிரசவத்திற்கு முந்திய இரத்தப் பெருக்கில் சுமார் 12 மணி நேரமும், கர்ப்பப்பை கிழிந்தால் ஒரு நாளும், கர்ப்பகால வலிப்பில் இரண்டு நாட்களும், குழந்தை வெளிவர இயலாது தடைப்பட்டால் மூன்று நாட்களும், பிரசவ ஜன்னியில் ஆறு நாட்களும் உள்ளன. இவை சராசரிக் கணக்குகளே. ஆயினும், ஆஸ்பத்திரியின் தூரத்தை மைல் அல்லது கிலோமீட்டர் கணக்கில் அளப்பது போதாது, மணிக் கணக்கில் அளக்க வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாகனம் வந்து சேர அரை மணி. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பிரயாணம் ஒரு மணி. அங்கே சேர்த்து, இரத்த வகை பார்த்து, இரத்தம் ஏற்ற அரை மணி. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. குடும்பத்தார் கூடி யோசித்த நேரம் இக்கணக்கில் சேரவில்லை. முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று தாமதங்களை நிபுணர்கள் மூன்றாக வகுப்பர். ஆஸ்பத்திரியை முன்கூட்டியே நன்கு தேர்ந்தெடுத்தால் இம்மூன்றும் குறையும்.

நிலையங்களின் படிவரிசை

நாட்டின் கிராமப்புற சுகாதார அமைப்பு படிப்படியாக அமைந்தது. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 மக்களுக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது அளவு. மலைப்பகுதிகளிலும் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளிலும் இவை முறையே 3,000, 20,000, 80,000 ஆகும். இவற்றுக்கு மேல் மாவட்ட ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உள்ளன.

இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் சாதாரணப் பிரசவத்திற்கு ஏற்றது. கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி, வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி, கிருமிக்கொல்லி மருந்துகள், மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்றூட்டும் பையும் முகமூடியும் ஆகியவை அங்கே இருத்தல் வேண்டும். முதற் பரிந்துரை நிலையம் எனப்படுவது இதற்கு மேற்பட்டது. இருபத்துநான்கு மணி நேரமும் சிசேரியன் உட்பட அவசரப் பிரசவ சிகிச்சை, பிறந்த குழந்தைக்கான சிகிச்சை, இரத்தச் சேமிப்பு ஆகிய மூன்றும் அமைந்தாலே ஒரு நிலையம் இப்பெயருக்கு உரியதாகும்.

எந்தத் தாய்க்கு எந்த இடம்?

முன்னர் சிசேரியன் ஆனவர், முந்திய பிரசவத்தில் அதிக இரத்தம் போனவர், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர், குழந்தை குறுக்காகவோ பிட்டம் கீழாகவோ அமைந்தவர், இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைந்தவர், நீரிழிவு அல்லது இருதய நோய் உள்ளவர் ஆகிய அனைவரும் அருகிலுள்ள சிறு நிலையத்தை விடுத்து, முதற் பரிந்துரை நிலையத்தையோ மாவட்ட ஆஸ்பத்திரியையோ நாடுவதே தக்கது. ஹீமோகுளோபின் குறைந்த பெண், பிறர் தாங்கக்கூடிய இரத்த இழப்பையும் தாங்க மாட்டாள். ஐந்தாவது கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை காணப்பட்டமையால், இது சிலருக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று.

மாதம் நிறைவதற்கு முன்பே வலி கண்டவர் பற்றித் தனியே குறிப்பிட வேண்டும். குறைமாதக் குழந்தையைப் பிறந்தபின் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் செல்வதை விட, அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிசு சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்வது குழந்தைக்குப் பாதுகாப்பானது.

இவ்வித அபாயம் எதுவும் இல்லாதவர், அருகில் நன்கு நடைபெறும் ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பின், அங்கேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் மாவட்ட ஆஸ்பத்திரியையே நாடினால், ஒரே கட்டிலில் இருவர் படுக்க நேரிடும். உண்மையில் அபாயத்தில் உள்ளவரைக் கவனிக்கும் கைகளும் குறையும். ஆனால் சிறிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், அங்கிருந்து எங்கே செல்வது, எந்த வாகனத்தில் செல்வது என்பதையும் அதே வேளையில் தீர்மானித்துவிட வேண்டும். ஒவ்வொரு தாய்க்கும் பிரசவ இடம் ஒன்று, அவசர இடம் ஒன்று என இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருத்தல் அவசியம்.

கேட்டறிய வேண்டியவை

பெயர்ப் பலகையை மட்டும் நம்பி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. குடும்பத்தார் ஒருமுறை நேரில் சென்று கேட்டறிவது நலம். இரவில் பயிற்சி பெற்ற நர்ஸ் அங்கேயே தங்கியிருக்கிறாரா? சிசேரியன் செய்யும் வைத்தியர் இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை வருவாரா? தாயின் வகை இரத்தம் அங்கேயே உண்டா, அல்லது வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா? ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் குளிரில் வைக்கப்படுகிறதா? வெப்பத்தில் கிடந்த மருந்து வீரியம் இழந்துவிடும். ஊசி போட்டும் இரத்தம் நில்லாது. பிரசவ அறையில் ஓடும் தண்ணீரும் சோப்பும் உள்ளனவா? வியன்னாவில் கற்ற பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

உடன் ஒரு பெண் துணை இருக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். பழகிய துணை அருகில் இருந்தால் தாயின் அச்சம் குறைந்து பிரசவம் எளிதாகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தாயை மரியாதையுடன் நடத்தாத இடத்திற்கு அடுத்த முறை அவளும் அவளைச் சார்ந்தோரும் வரத் தயங்குவர்.

தாய்வீட்டுப் பிரசவம்

முதற் பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. இவ்வழக்கத்தால் பெண்ணுக்கு ஓய்வும் ஆதரவும் கிடைக்கின்றன. ஆனால் ஏழு மாதம் வரை ஓரூரில் பரிசோதனை, பிரசவம் வேறூரில் என்றாகிவிடுகிறது. பழைய நிலையத்தில் அவளை அறிந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்; புதிய நிலையத்தாருக்கு அவள் யாரென்றே தெரியாது. ஆகையால் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையும், இரத்த வகைச் சீட்டும், முந்திய சிசேரியன் பற்றிய காகிதங்களும் பெண்ணுடன் செல்ல வேண்டும். தாய்வீடு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அவ்வூர் ஆஷா பணியாளரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ பதிவு செய்துகொள்ள வேண்டும். தாய்வீடு மலையிலோ ஆற்றுக்கு அப்பாலோ இருந்தால், குறித்த நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்கு அருகிலுள்ள உறவினர் இல்லத்திலோ, அரசாங்கம் அமைத்துள்ள காத்திருப்பு இல்லத்திலோ வந்து தங்குவது உத்தமம்.

செலவும் சிசேரியனும்

பணமில்லை என்ற எண்ணத்தால் தாமதிப்போர் பலர். 2011ல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசாங்க நிலையங்களில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போகவர வாகனம் ஆகிய யாவும் இலவசமாகும். இது சலுகை அன்று, உரிமை என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரியை நாடுவோர் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019-21 கணக்கெடுப்பின்படி, அரசாங்க நிலையங்களில் நூற்றுக்குச் சுமார் 14 பிரசவங்களும், தனியார் நிலையங்களில் நூற்றுக்கு 47 பிரசவங்களும் சிசேரியன் மூலம் நடைபெற்றன. சிசேரியன் தேவைப்படும்போது உயிர்காக்கும் சிகிச்சை. தேவையின்றிச் செய்யும்போது, தற்போதைய தாய்க்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் புதிய அபாயம். எக்காரணத்துக்காகச் செய்யப்படுகிறது என்று கேட்பது குடும்பத்தின் உரிமையே. வைத்தியரை அவமதிப்பதாக அதை எவரும் கருத வேண்டியதில்லை.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

பல வீடுகளில் இம்முடிவை எடுப்பவர் கர்ப்பிணி அல்லர். மாமியாரும் கணவருமே எடுக்கின்றனர். ஆதலின் களப்பணியாளர் அவர்களையும் அமர்த்திப் பேச வேண்டும். எட்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு தாளில் இவற்றை எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டச் செய்யலாம்: பிரசவ இடம், அவசர இடம், 108 அல்லது 102 வாகன எண், வாகனம் வராவிடில் ஊரில் யாருடைய வண்டி, இரத்தம் தர இசைந்த இருவர் பெயர், உடன் செல்பவர் பெயர், மூத்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் பெயர். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசாங்க நிலையங்களில் நடைபெறும் இலவசப் பரிசோதனைக்கு வைத்தியர் வருவதால், எந்த இடம் ஏற்றது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். பிரசவத்திற்குப் பின் 48 மணி நேரம் தாயும் சேயும் நிலையத்திலேயே தங்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி வைப்பது நன்று. இரத்தப் பெருக்கு மிகுதியாக நேர்வது முதல் நாளிலேயே ஆகும்.

ஆசிரியரின் பங்கும் சிறிதன்று. ஊராரின் நம்பிக்கைக்குரியவர் அவர். ஊரிலிருந்து ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம், வெயிற்காலத்தில் எத்தனை மணி நேரம் என்று உயர் வகுப்பு மாணவர்களைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு வரைபடம் தயாரித்துப் பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்கலாம். இது மாணவர்களுக்குப் பூகோளமும் கணிதமும் கற்பிக்கும். வலி கண்ட வீட்டாருக்கு, எந்தப் பாதையில் எங்கே செல்வது என்பதைத் தாமதமின்றிக் காட்டும்.