ரசாவின் புள்ளியும் வண்ணமும்

ஓவியர் சையத் ஹைதர் ரசாவை (1922–2016) ‘பிந்து’ எனும் கரும்புள்ளியின் வழியே நாம் அறிவோம். ஆயினும், அவர் கையாண்ட வண்ணங்களை நோக்காது அப்புள்ளியை விளங்கிக்கொள்ளல் அரிது. 1940களில் பம்பாய்த் தெருக்களையும் காஷ்மீரத்தையும் நீர்வண்ணத்தில் தீட்டினார்; நீர் உலருமுன் கை ஓடவேண்டும், திருத்தம் செல்லாது. 1950இல் பிரான்சு சென்றபின் தைலவண்ணத்தைத் தடிப்பாக அப்பலானார். அது மெல்லவே உலரும். நிலக்காட்சியின் கனத்திற்குப் பொருந்திற்று. பின்னரோ, விரைந்துலரும் அக்ரிலிக்கை நாடினார். வண்ணத்தின்மேல் வண்ணம் ஏற்றவும், வட்டத்தின் விளிம்பைக் கூர்மையாக நிறுத்தவும் அஃது உதவிற்று. பள்ளிநாளில் ஆசிரியர் சுவரில் இட்ட புள்ளியை உற்றுநோக்கச் செய்ததை அவர் மறந்தாரில்லை. 1980களில் அப்புள்ளியே கித்தானின் நடுவே பெருவட்டமாய் எழுந்தது. நீர்வண்ணத்தில் அத்துணை ஆழ்ந்த கருமை நின்றிருக்குமா? நின்றிராது என்றே நமக்குத் தோன்றுகிறது.